கஞ்சி வீடு, மிளகுத்தண்ணித் துரை, சொலுதாது... சிப்பாய்க்கு எத்தனை பட்டப்பெயர் தெரியுமா?

சத்திரம் பேருந்து நிலையத்தை நெருங்கும்போது "மெயின்கார்டு கேட் இறங்குறவங்க வாங்க!" என்று கண்டக்டர் குரல் கொடுக்கிறாரே, அந்த 'கார்டு' யார் தெரியுமா? ரயிலின் கடைசிப் பெட்டியில் பச்சைக்கொடி ஆட்டுபவர் இல்லை! துப்பாக்கியும் கையுமாகக் கோட்டை வாசலில் பாரா நின்ற சிப்பாய்! திருச்சிக் கோட்டையின் மேற்கு வாசலைக் காத்த தலைமைக் காவல்படைக்குத்தான் 'மெயின் கார்டு' என்று பெயர். படை போச்சு, மதில் போச்சு, அகழி போச்சு. வாசலும் பெயரும் மட்டும் அப்படியே இருக்கின்றன!

அது கிடக்கட்டும். பக்கத்திலேயே மேலப்புலிவார்டு ரோடு இருக்கிறதே, அங்கே எந்தப் புலி வந்தது தெரியுமா? ஒரு புலியும் வரவில்லை! 19ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, மரம் நட்டுப் போட்ட சாலைக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் 'பூல்வார்டு'. நம்மூர் வாயில் நுழைந்ததும் அதற்குள் ஒரு புலி புகுந்துகொண்டது! இன்னும் வேடிக்கை கேளுங்கள். பூல்வார்டு என்ற சொல்லே ஐரோப்பாவில் முதலில் கோட்டைக் கொத்தளத்தைத்தான் குறித்தது! ஆக, இல்லாத மதிலின் பெயரில் தினமும் ஆட்டோ ஓடுகிறது!

இப்படிப் பட்டாளத்துச் சொல் ஒட்டிக்கொண்ட ஊர் இது. காரணம் என்ன? போர்! 1751 முதல் 1754 வரை இந்த மலைக்கோட்டைக்காக அடித்துக்கொண்டவர்கள் யார் யார் தெரியுமா? ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், நவாப் பட்டத்துக்குப் போட்டி போட்ட சந்தா சாகிப் ஆட்கள், முகமது அலி ஆட்கள், மைசூர்க் குதிரைப்படை, முராரி ராவின் மராட்டியர், தஞ்சாவூர்ப் படை! இத்தனை கூட்டமும் காவிரிக்கும் பொன்மலைக்கும் நடுவே! ஆளுக்கு ஒரு மொழி, ஆளுக்கு ஒரு பட்டப்பெயர்!

துப்பாக்கியை வாய்மூடச் சொன்னால் கேட்டார்களா?

1753 நவம்பர் கடைசி. நள்ளிரவு. கோட்டையின் மேற்கு மதிலில், வடகோடியை ஒட்டி ஒரு கொத்தளம். 'டால்ட்டன் பேட்டரி' என்று பெயர். இன்றைய சத்திரத்திலிருந்து நடந்தே போய்விடலாம்! பிரெஞ்சு சிப்பாய்கள் ஏணி போட்டு வெளிமதில் ஏறிவிட்டார்கள். காவலுக்கு இருந்தவர்கள் தூக்கம். "ஒரு குண்டுகூடச் சுடாதீர்கள்" என்பது மேலிடத்துக் கட்டளை. செய்தார்களா? ஏறியதும் உற்சாகம் தாங்கவில்லை! அங்கே இருந்த பீரங்கிகளையே ஊர்ப்பக்கம் திருப்பிச் சுட்டார்கள்! ஊரே விழித்துக்கொண்டது! இருட்டில் இரண்டு மதிலுக்கும் நடுவே இருந்த ஆழமான குழியில் சிலர் தலைகுப்புற விழுந்தார்கள். 300 பேருக்கு மேல் கைதி! இரண்டு வருடப் போரை ஒரே ராத்திரியில் முடித்திருக்க வேண்டியவர்கள், பொறுமை இல்லாமல் கோட்டை விட்டார்கள்!

அதற்கு முந்தைய வருடம் இதைவிடப் பெரிய கூத்து. 1752 ஜூனில் ஸ்ரீரங்கம் தீவுக்குள் மாட்டிக்கொண்ட பிரெஞ்சுத் தளபதி லா, ஆயுதத்தைக் கீழே போட்டார். அவரோடு சரணடைந்தவர்கள் சுமார் 800 ஐரோப்பியர், 2000 சிப்பாய்கள்! கோயில் மதிலே கோட்டையாகி, கோயில் பிராகாரமே பாசறையாகிக் கிடந்த காலம் அது.

ஸ்ரீரங்கம் பெருமாளின் கண்ணில் இருந்த வைரத்தை ஒரு பிரெஞ்சு சிப்பாய் பக்தன் வேஷம் போட்டுத் திருடினான், அதுதான் இன்று மாஸ்கோ கிரெம்ளினில் இருக்கும் ஏறத்தாழ 190 காரட் 'ஆர்லோவ்' என்று ஒரு கதை உலகம் பூராவும் சுற்றுகிறது, தெரியுமா? கதை ஜோர்! ஆதாரம் மட்டும்தான் இல்லை!

பிரெஞ்சு சிப்பாய்க்குத் தமிழ்ப் பெயர் என்ன?

சொலுதாது! ஆமாம், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டுங்கள். 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் நடந்ததையெல்லாம் எழுதிய மனிதர். ஐரோப்பியப் படைவீரன் அவருக்கு சொலுதாது. பிரெஞ்சு 'சொல்தா'வும் போர்த்துகீசிய 'சொல்தாதோ'வும் கலந்து அடித்த தமிழ்! உள்ளூர் வீரன் என்றால் சிப்பாய்.

இதில் ஆச்சரியம் எது தெரியுமா? அந்தச் சொல் சாகவே இல்லை! பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துவிட்டு வந்த புதுச்சேரி, காரைக்கால் தமிழர்களுக்கு இன்றும் 'சொல்தா' என்றுதான் பெயர். பிரான்ஸ் அரசாங்கம் பென்ஷன் அனுப்புகிறது. அதுவும் யூரோவில்! 'சொல்தா வீடு' என்றால் தெருவுக்கே அடையாளம்!

சொல்தா, சோல்ஜர் இரண்டுக்கும் வேர் எது? 'சாலிடஸ்' என்ற ரோமானியத் தங்கக் காசு! காசு வாங்கிச் சண்டை போட்டவன் சோல்ஜர், அவ்வளவுதான்!

கமாண்டண்ட் என்ற சொல் தமிழில் என்ன ஆனது தெரியுமா? கும்மந்தான்! திருச்சிப் போரில் கம்பெனிச் சிப்பாய்களை நடத்திப் பெயர் வாங்கிய யூசுப் கான்தான் அந்தக் கும்மந்தான். மருதநாயகம் என்றால் சட்டென்று தெரியும். எந்தக் கம்பெனிக்காகச் சண்டை போட்டாரோ அதே கம்பெனியை எதிர்த்து நின்று, 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கில் தொங்கினார். பிறகு நாட்டுப்புறக் கதைப்பாடலில் ஏறினார். கம்பெனியோ நம் வாயில் கும்பினி ஆனது!

ரசம் குடித்தவனுக்கு ஒரு பட்டம்!

இதைக் கேட்டால் சிரிப்பீர்கள். சென்னை மாகாணத்துப் படையிலும் அரசாங்கத்திலும் வேலை பார்த்த வெள்ளைக்காரத் துரைகளுக்கு மற்ற மாகாணத்துத் துரைகள் வைத்த பட்டப்பெயர் என்ன தெரியுமா? 'மல்'! அது என்ன மல்? மல்லயுத்தமா? இல்லை! 'மல்லிகட்டானி'யின் முதல் அசை! மல்லிகட்டானி? நம்ம மிளகுத் தண்ணி! காய்ச்சல் வந்தால் அம்மா வைத்துக் கொடுப்பாளே, அதன் தூரத்துச் சொந்தம்! அதை சூப் என்று நினைத்து தினமும் குடித்ததால் மதராஸ் துரைகள் 'மல்' ஆகிவிட்டார்கள்! வங்காளத்து துரைக்கு 'குய்-ஹை'. "கோயி ஹை?" என்று எப்போதும் வேலைக்காரனைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பானாம்! பம்பாய் துரை வெறும் 'டக்', அதாவது வாத்து! மூன்றில் நம்முடையதுதான் மணக்கிறது!

அடுத்தது இன்னும் ருசி. தப்பு செய்த வெள்ளைக்காரச் சிப்பாயைப் பட்டாளத்தில் அடைத்துவைக்கும் அறைக்கு என்ன பெயர்? 'கான்ஜி ஹவுஸ்'! சாட்சாத் கஞ்சி வீடு! உள்ளே போனால் கிடைக்கும் சாப்பாடு அதுதான் என்பதால்! இன்றும் 'களி தின்னப் போறான்' என்கிறோமே, அதற்கு அண்ணன் இந்தக் கஞ்சி!

கஞ்சி என்றதும் ஆற்காடு ஞாபகம் வர வேண்டும்! 1751. திருச்சி முற்றுகையில் கிடக்க, எதிரியைத் திசைதிருப்ப ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடிக்கப் போனார். கையில் 200 வெள்ளையர், 300 சிப்பாய்கள். அவ்வளவே! பிடித்தார். பிடித்த கோட்டைக்குள்ளேயே 50 நாள் முற்றுகையில் மாட்டினார்! அரிசி தீர்ந்துகொண்டே வந்தது. "சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும்" என்று நம் சிப்பாய்கள் சொன்னதாக மெக்காலே உருகி உருகி எழுதியிருக்கிறார். உண்மையில் தியாகமா, அல்லது கஞ்சியின் அருமை தெரிந்தவர்கள் போட்ட கணக்கா? பழையசோற்று நீராகாரம் குடித்து வளர்ந்தவர்களைக் கேட்டால் வேறு பதில் வரும்!

கிளைவ் திருச்சியில் தங்கியதாகச் சொல்லப்படும் வீடு எங்கே? தெப்பக்குளத்தை ஒட்டி. சத்திரத்திலிருந்து எட்டிப் பார்க்கும் தூரம்!

திருச்சிச் சுருட்டுக்கும் பட்டாளத்தில் ஒரு செல்லப்பெயர் உண்டு. 'ட்ரிச்சி'! ஊர்ப் பெயரே புகையாகிவிட்டது! ஷெர்லாக் ஹோம்ஸ் 1887இல் அறிமுகமான முதல் நாவலிலேயே, தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து "இது திருச்சிச் சுருட்டு" என்று சொல்லிவிடுகிறார்! லண்டனில் உட்கார்ந்துகொண்டு!

இந்தப் பட்டாளத்துச் சொற்களையெல்லாம் மூட்டை கட்டி வைத்தவர் யார் தெரியுமா? பக்கத்துத் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்த பர்னெல்! சரஸ்வதி மகால் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்ட அதே பர்னெல்! யூல் என்பவரோடு சேர்ந்து அவர் தொகுத்த அகராதி 1886இல் வந்தது. பாவம், அவர் 1882லேயே போய்விட்டார். அகராதியின் பெயர் 'ஹாப்சன்-ஜாப்சன்'. யார் இந்த ஹாப்சன்? யார் ஜாப்சன்? இரண்டு பேருமே கிடையாது! மொஹரம் ஊர்வலத்தில் "யா ஹசன்! யா ஹுசைன்!" என்று மார்பில் அடித்துக்கொண்டு போனதை, புரியாத வெள்ளைச் சிப்பாய் கேட்ட லட்சணம் அது!

மதராஸ் சிப்பாய் வடக்கே போனால் தெலுங்கன்!

1756 அக்டோபர். கிளைவ் சென்னையிலிருந்து வங்காளத்துக்குக் கப்பல் ஏறினார். கூடப் போனவர்கள் சுமார் 900 ஐரோப்பியர், 1500 சிப்பாய்கள். அடுத்த ஜூனில் பிளாசி! தெற்கிலிருந்து வந்த இந்தச் சிவப்புக் கோட்டுக்காரர்களை வடக்கத்தியர் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்? 'திலங்கா'. அதாவது தெலுங்கன்! தமிழனா, தெலுங்கனா, முஸ்லிமா, யார் விசாரித்தது? கதை இதோடு நிற்கவில்லை. பிற்பாடு அவத், பீகார் ஆட்களே சிப்பாயாகச் சேர்ந்தார்கள். அவர்களுக்கும் அதே பெயர்! தெலுங்கே கேட்டிராத போஜ்பூரிக்காரன் தெலுங்கனாகி, 1857 வரை ஊர் வாயில் 'திலங்கா'வாகவே உலவினான்!

அதே 1857இல் மார்ச் 29ஆம் தேதி, பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கினார். அப்புறம் என்ன? எதிர்த்து நின்ற ஒவ்வொரு சிப்பாயும் வெள்ளைக்காரன் வாயில் 'பாண்டி'! பெயர் ராம்சிங்காக இருந்தாலும் பாண்டி, கரீம்கானாக இருந்தாலும் பாண்டி!

தொப்பி போட்டால் வேறு பட்டம். போர்த்துகீசிய வழி வந்த கலப்பினச் சிப்பாய்கள் 'டோபாஸ்'. 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்தியப் போர் எதுவானாலும் ஆங்கிலேயர் பக்கமும் டோபாஸ், பிரெஞ்சுப் பக்கமும் டோபாஸ்! அந்தப் பெயருக்குப் பின்னாளில் நேர்ந்த கதி தெரியுமா? கப்பலைக் கூட்டித் துடைக்கும் தொழிலாளிக்குப் போய்ச் சேர்ந்தது!

தொப்பி என்பது சும்மா இல்லை. 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சிக்கு நெருப்பு வைத்ததே, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகைதான்! "தொப்பிக்காரனாகிவிட்டான்" என்று ஊர் கேலி பேசும் என்ற பயம், கோபமாகி, கோட்டைக் கொடியையே மாற்றியது!

உங்கள் ஆபீஸ் பியூன் யார் தெரியுமா?

உட்கார்ந்து கேளுங்கள். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி!

மணி அடித்தால் ஃபைல் எடுத்துவரும் பியூன்? அசல் காலாட்படை வீரர்! போர்த்துகீசியர் கொண்டுவந்த சொல் அது, 'காலால் நடப்பவன்' என்று பொருள். 18ஆம் நூற்றாண்டுச் சென்னையில் பியூன் என்றால் கத்தியும் துப்பாக்கியும் ஏந்திய கம்பெனிக் காவலாள்! 1748இல் கம்பெனித் தளபதி ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் வந்து அவர்களை அணி அணியாகப் பிரித்துக் கவாத்து சொல்லிக் கொடுத்தார். அதிலிருந்துதான் மதராஸ் ராணுவமே முளைத்தது! சதுரங்கத்தில் ஆங்கிலேயன் 'பான்' என்கிறானே, அதுவும் இதே குடும்பம். நாம் அதைச் சரியாகவே 'சிப்பாய்' என்கிறோம்!

கலெக்டர் வரும்போது சிவப்புப் பட்டை, வெள்ளை உடுப்போடு முன்னால் நடக்கும் டபேதார்? குதிரைப்படைப் பதவி! இன்றும் இந்திய ராணுவத்தின் கவசப் படைப்பிரிவுகளில் தபேதார் என்று ஒரு ரேங்க் இருக்கிறது. அவர் பீரங்கி வண்டி ஏறுகிறார், இவர் கலெக்டரின் கார் கதவைத் திறக்கிறார்!

"ஓட்டல் சிப்பந்திகள் தேவை" என்று பலகை பார்த்திருக்கிறீர்களா? சிப்பந்தி என்பது வரி வசூலுக்கும் ஊர்க்காவலுக்கும் வைத்திருந்த துணைப்படை! ஒரு காலத்தில் சிப்பந்தி வந்தால் ஊர் நடுங்கும். இப்போது சிப்பந்தி வந்தால் சாம்பார் வரும்!

முக்கொம்பு, கல்லணைப் பக்கம் மதகு திறக்கும் நீர்வளத்துறை லஸ்கரைத் தெரியுமா? பாரசீகத்தில் 'லஷ்கர்' என்றால் படை. ஒரு ஆள் இல்லை, முழுப் படை! அந்தச் சொல் இலங்கைக்குப் போனது. போர்த்துகீசியரின் உள்ளூர்ச் சிப்பாய் 'லஸ்கரின்' ஆனான். கப்பலுக்குப் போனது, மாலுமி ஆனான். பீரங்கிப் பட்டறைக்குப் போனது, எடுபிடி ஆனான். கடைசியில் காவிரிக் கரையில் வந்து ஷட்டர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறான்! டெல்டா முழுக்கத் தண்ணீர் பாய்வது ஒரு 'படை' கைவைத்துத்தான்!

அப்புறம் நாயக்! இரண்டு பட்டை குத்திய கார்ப்பரலுக்கு நம் ராணுவத்தில் நாயக் என்று பெயர். திருச்சியில் நாயக்கர் என்றால் யார்? அரசர்! ராணி மங்கம்மாள் வம்சம்! ஒரே வேர்ச்சொல்தான். அரண்மனையில் இருந்தால் நாடு, பாசறையில் இருந்தால் இரண்டு பட்டை!

சுபேதார் இன்னும் பாவம். மொகலாயர் காலத்தில் ஒரு மாகாணத்துக்கே ஆளுநர். கம்பெனிக்காரன் அதைத் தூக்கி ஒரு சிப்பாய் அணியின் தலைவனுக்குக் கொடுத்துவிட்டான். ஜமேதாரோ, 1965இல் 'நாயிப் சுபேதார்' என்று பெயர் மாற்றிக்கொண்டு தப்பித்தார்!

சோழன் படையில் என்ன பெயர்?

சேவகன்! இப்போது கையைக் கட்டி நிற்பவன். சோழர் கல்வெட்டில்? 'குதிரைச் சேவகர்' என்றால் குதிரை வீரர்! தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் படைப்பிரிவுகளின் பெயர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. யானைப்படைக்காரர் 'குஞ்சரமல்லர்'. என்ன கம்பீரம் பாருங்கள்! கைக்கோளப் பெரும்படை என்று ஒன்று. கைக்கோளர் யார்? நெசவு செய்பவர்கள்! தறியும் உண்டு, வாளும் உண்டு!

'வேளைக்காரர்' என்று ஒரு படை இருந்தது. வேலைக்காரர் இல்லை, எழுத்தைக் கவனியுங்கள்! வேளை வந்தால் அரசனுக்காக உயிரைக் கொடுப்பதாகச் சத்தியம் செய்தவர்கள். இவர்களின் தமிழ்க் கல்வெட்டு எங்கே கிடைத்தது தெரியுமா? இலங்கையின் பொலன்னறுவையில்! 12ஆம் நூற்றாண்டின் தொடக்கம். எதற்குக் காவல் இருப்பதாக உறுதி கொடுக்கிறார்கள்? புத்தரின் பல் வைத்த கோயிலுக்கு! பாண்டியனிடம் இதே மாதிரி 'தென்னவன் ஆபத்துதவிகள்'. ஆபத்தில் உதவுபவன் என்பதே பட்டம்! அரசன் சிதையில் எரியும்போது மெய்க்காவலர்களும் தீயில் குதிப்பார்கள் என்று மார்க்கோ போலோ வாயைப் பிளந்து எழுதிவைத்திருக்கிறார்.

இன்றைய செய்தித்தாளில் 'கூலிப்படை' என்றால் யார்? சொல்லவே வேண்டாம்! ஆனால் திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரைக் கேளுங்கள். அரசனின் படை ஆறு வகை: மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை. கௌரவமாக இரண்டாவது இடத்தில் உட்கார்ந்திருக்கிறது கூலிப்படை! அரிவாளோடு பைக்கில் போகிறவனுக்கு இத்தனை பழைய வம்சாவளி!

உலகம் முழுக்க அவன் 'பையன்'தான்!

ஜவான் என்றால் என்ன? இளைஞன். ஆங்கிலத்து 'இன்ஃபன்ட்ரி'? அதற்குள் ஒளிந்திருப்பதும் இளம்பிள்ளைதான்! ஈழத்தில் போராளிகளை ஊர் எப்படிச் சொன்னது? 'பெடியள்'! பையன்கள் என்று அர்த்தம். எதிரே நின்ற அரசப் படைவீரன் 'ஆமிக்காரன்'.

சங்க காலத்தில்? மழவர்! மழ என்றால் இளமை. மழலையில் இருக்கிறதே, அதே மழ! குதிரையேறிச் சண்டை போட்ட முரட்டு வீரர்களுக்குப் போய் இந்தப் பெயர்! இவர்கள் பெயரில் ஒரு நாடே இருந்தது. மழநாடு! எங்கே? கொள்ளிடம் தாண்டி, திருவாசி, லால்குடிப் பக்கம்! சத்திரத்தில் லால்குடி பஸ் ஏறுகிறவர்கள் வீரர் நாட்டுக்கு டிக்கெட் எடுக்கிறார்கள்!

மதராஸ் ரெஜிமெண்ட் வீரரையும், பெங்களூரில் இருக்கும் மதராஸ் சாப்பர்ஸ் வீரரையும் இந்திய ராணுவம் முழுக்க என்ன சொல்லிக் கூப்பிடுகிறது தெரியுமா? தம்பி! பஞ்சாபி ஜெனரலும் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்! மதராஸ் ரெஜிமெண்டின் பிறந்த வருடம் 1758. போர் முழக்கம், "வீர மதராசி! அடி கொல்லு! அடி கொல்லு! அடி கொல்லு!" தம்பி என்ற பெயருக்கும் அந்த முழக்கத்துக்கும் ஏதாவது பொருத்தம் இருக்கிறதா, சொல்லுங்கள்!

சாப்பர்ஸ் தம்பிகளுக்கு இன்னொரு செல்லப்பெயர், 'குயின்சாப்'. விக்டோரியா ராணியின் பெயரைத் தாங்கிய படை என்பதால்! முள்கம்பி வேலியைத் தகர்க்கும் 'பெங்களூர் டார்ப்பிடோ' 1912இல் பிறந்தது இவர்கள் முகாமில்தான். கைகட்டி நின்று படிக்க வேண்டிய ஒரு விஷயமும் உண்டு. 1944 பிப்ரவரி 24. இத்தாலியில் மிக்னானோ. காயம்பட்டவர்களைக் காப்பாற்றப் போன வழியில் கண்ணிவெடி இயங்கிவிட்டது. வெடிக்கச் சில நொடிகள்தான். சுபேதார் சுப்பிரமணியம் அதன்மேல் அப்படியே படுத்துக்கொண்டார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அந்தத் தமிழர்!

திருச்சிக்காரருக்கும் ஒரு பட்டம் உண்டு. 'பட்டாலிக் நாயகன்'! 1999 மே 29, கார்கில் போரில் விழுந்த மேஜர் சரவணன். வீர சக்ரா. ஊரில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. காந்தி மார்க்கெட் பக்கம் போனால் முதல் உலகப்போர் நினைவுச் சின்னம் நிற்கிறது. வெங்காய மூட்டைக்கும் லாரி ஹாரனுக்கும் நடுவே எத்தனை பேர் அதை நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்?

ஓலைக்கால்! சீலைக்கால்!

இடது எது, வலது எது என்று தெரியாத கிராமத்துப் பையனுக்கு எப்படி 'லெஃப்ட் ரைட்' சொல்லிக் கொடுப்பது? ஒரு காலில் ஓலை, ஒரு காலில் சீலைத் துணி! "ஓலைக்கால்! சீலைக்கால்!" நம்மூரில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் கதை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் என்ன நடந்தது தெரியுமா? ஒரு காலில் புல், ஒரு காலில் வைக்கோல்! அப்படிப் பழகிய புதுச் சிப்பாய்க்கு 'வைக்கோல் கால்' என்றே பட்டப்பெயர்! நம்முடையதில் எதுகை இருக்கிறது, அவர்களுடையதில் இல்லை. மதிப்பெண் நமக்கே!

முதல் உலகப்போரில் பிரெஞ்சு சிப்பாய் 'புவாலு'. பொருள்? மயிர் மண்டியவன்! பதுங்குகுழியில் சவரம் ஏது? அமெரிக்கன் 'மாவுப் பையன்'. ஆஸ்திரேலியன் 'தோண்டுகிறவன்'. சிவப்புக் கோட்டுப் போட்ட பழைய ஆங்கிலேயன் 'சிங்கிறால்'! வெந்தால் சிவக்குமே, அதனால்!

பிரிட்டிஷ் சிப்பாய்க்கு ஏன் 'டாமி' என்று பெயர்? 1815இல் போர் அலுவலகம், சிப்பாயின் கணக்குப் புத்தகத்தை எப்படி நிரப்புவது என்று ஒரு மாதிரி கொடுத்தது. அதில் போட்ட பெயர் 'தாமஸ் அட்கின்ஸ்'. படிவத்தில் இருந்த ஆள் பட்டாளம் முழுக்கப் பரவிவிட்டான்! நம் தெருவில் 'டாமி' என்று கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு யார் ஓடிவரும் என்று உங்களுக்கே தெரியும்!

நம் நாக்கு மட்டும் சளைத்ததா? பட்டாலியன் 'பட்டாளம்' ஆனது. சென்னையில் ஒரு பேட்டைக்கே அதுதான் பெயர். கல்யாண வீட்டில் ஓடி விளையாடும் வாண்டுகளும் பட்டாளம்தான்! ட்ரூப் 'துருப்பு' ஆனது. எல்லையில் 20 வருடம் நின்று திரும்பியவர் ஊரில் 'மிலிட்டரி'. முழுப்பெயர் அவர் வீட்டு ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்! கறிக்குழம்பு மணக்கும் கடை 'மிலிட்டரி ஓட்டல்'. அங்கே சோல்ஜர் யாரும் சாப்பிட வேண்டிய அவசியமே இல்லை!

கடைசியாக ஒன்று. தண்ணீரோ டீசலோ பிடித்து வைக்கும் 'ஜெரிகேன்' உங்கள் வீட்டில் இருக்கிறதா? அந்த 'ஜெரி' யார் தெரியுமா? இரண்டு உலகப்போரிலும் ஜெர்மன் சிப்பாய்க்கு ஆங்கிலேயன் வைத்த பட்டப்பெயர்! ஜெர்மன்காரன் செய்த இரும்பு கேன் ஒழுகவில்லை. ஆங்கிலேயனின் தகர டின் ஒழுகித் தொலைத்தது. எதிரியின் கேனைக் கைப்பற்றி, அப்படியே காப்பியடித்து, எதிரியின் பட்டப்பெயரையே அதற்கும் வைத்துவிட்டான்! இப்போது அது பிளாஸ்டிக்கில், நீல நிறத்தில், காந்தி மார்க்கெட் கடை வாசலில் கயிறு கட்டித் தொங்குகிறது. விலை பேசித்தான் வாங்க வேண்டும்!